சின்ன பிரேக்கர்

அந்த வீட்டில் சுவிட்சில் கை வைப்பதற்கு முன்னால் வாயைத் திறக்க வேண்டும். "அயர்ன் போடலாமா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்கும். "இரு, மோட்டார் ஓடுது" என்று முன்னறையிலிருந்து பதில் வரும். புதிதாக வீட்டுக்கு வந்தவர்கள், ஏதோ விளையாட்டு நடக்கிறது என்று நினைத்துச் சிரிப்பார்கள். காபி குடிக்க உட்கார்ந்தவர் செல்போனை சார்ஜ் போட எழுந்தால்கூட, ஒரு கணம் தயங்கி முன்னறைப் பக்கம் பார்ப்பார். அவ்வளவு சீக்கிரம் அந்தப் பழக்கம் தொற்றிக்கொள்ளும்.

முன்னறையில் படுத்திருப்பவர் அந்த வீட்டுக்காரியின் கணவர். எத்தனையோ வீடுகளுக்கு ஒயரிங் செய்தவர். கட்டி முடிக்காத ஒரு கட்டடத்தில் ஏணி சறுக்கி விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் இல்லாமல் போனது. இடது கையும் பேருக்குத்தான். "வலது கையும் வாயும் தப்பிச்சிடுச்சு மாமா. வாய் தப்பிச்சதுதான் எங்களுக்குக் கவலை" என்று அவளுடைய தம்பி ஆஸ்பத்திரியில் வைத்தே சிரிக்க வைக்கப் பார்த்தான். தம்பியும் ஒயரிங்காரன்தான். இரண்டு பேரும் சேர்ந்து ஏறாத கூரை கிடையாது. மாமனும் மச்சானும் ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டே பாதி வேலையை முடிப்பார்கள். ஆனால் அன்று அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகும் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். ஊட்டினால் வாங்கிக்கொள்வார். கேட்டால் பதில் இல்லை. அவளும் எவ்வளவு நாள்தான் முதுகோடு பேசுவாள்? பேசிப் பேசி அலுத்து, அவளுடைய பேச்சும் "கையைத் தூக்குங்க, திரும்புங்க" என்று சுருங்கிப்போனது.

ஒரு காலை நேரம். அவள் குளிப்பதற்கு ஹீட்டரைப் போட்டாள். அது சுடுவதற்குள் மகளுடைய சட்டையைத் தேய்த்துவிடலாம் என்று அயர்னையும் போட்டாள். டக் என்று ஒரு சத்தம்; சுமை தாங்காமல் மெயின் போர்டில் பிரேக்கர் விழுந்து கரண்டு நின்றது. ஃபேன் இறக்கையைத் தொங்கப்போட்டது. ஃப்ரிட்ஜ் ஒரு தடவை விக்கி அடங்கியது. அந்த அமைதியில், சுவரைப் பார்த்திருந்த முகம் திரும்பாமலே கேட்டது:

"ஹீட்டரும் அயர்னும் சேத்துப் போட்டியா?"

விழுந்த பிறகு அவராக வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி அது. அவள் தேய்க்க எடுத்த சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு நின்றுவிட்டாள்.

அது பழைய வீடு. அதற்கு வரும் கரண்டு, கஞ்சன் கை எண்ணெய் மாதிரி அளந்து வரும். மெயின் போர்டு அவருடைய கட்டிலுக்குத் தலைமாட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் நடையில் இருந்தது. அன்றிலிருந்து அந்தக் கொஞ்சம் கரண்டைப் பங்கு வைக்கும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். எது போடுவதானாலும் அவரைக் கேட்க வேண்டும். படுத்தபடியே ஃபேன் சுற்றுகிற வேகத்தைப் பார்த்து வீட்டில் எது ஓடுகிறது என்று சொல்லிவிடுவார். "ஃப்ரிட்ஜ் இப்பத்தான் நின்னுது. அது மறுபடி எந்திரிக்கிறதுக்குள்ள மிக்ஸியை ஓட்டிக்கோ" என்பார். மகளுக்கு வீட்டில் பேர் வாலு. அவள் அப்பாவுக்கு கரண்ட் மந்திரி என்று பட்டம் கட்டினாள். குளியலறை வாசலில் துண்டோடு நின்று மனுப் போடுவாள். "மந்திரி ஐயா, ஏழை மாணவிக்கு வெந்நீர் கிடைக்குமா?" அதற்கு அவர், "நேத்து அரை மணி நேரம் குளிச்ச மாணவி நீதானே? மனு தள்ளுபடி" என்பார்.

சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த மனிதர் வாசல் பக்கம் திரும்பிப் படுத்தது அப்படித்தான். மாத்திரையும் மருந்தும் செய்யாததை ஒரு ஓட்டைப் போர்டு செய்தது என்று அவள் தம்பியிடம் சொல்லியிருக்கிறாள்.

அவள் கேக் செய்யப் பழகியதும் அந்த நாட்களில்தான். யாராவது சம்பாதிக்க வேண்டுமே. ஒரு சின்ன ஓவனில் ஆரம்பித்து, கடைகளுக்குப் போடுகிற அளவுக்கு வந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையைக் கழுவித் துடைத்து அங்கே போனாள். கை வேலை பார்க்கும், காது முன்னறையில் இருக்கும். ஓவன் போடுவதற்கு மட்டும் கொட்டகையிலிருந்து முன்னறைக்கு நடந்து வந்து கேட்பாள். அவர் கண்ணை மூடி மனதுக்குள் கணக்குப் போட்டு, "போடு" என்றால் போடுவாள். "இரு" என்றால் மாவு காத்திருக்கும். காத்திருந்த மாவு நன்றாக வராது. அதை அவள் அவரிடம் சொன்னதில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தைக்குப் பிறந்த நாள். அந்த கேக் ஓவனில் பாதி எழும்பியிருந்தபோது டக் என்று பிரேக்கர் விழுந்தது. மோட்டார் ஓடுவதை அவர் மறந்துவிட்டு வாலுவுக்கு ஹீட்டரைக் கொடுத்துவிட்டார். அவள் ஓவனைத் திறந்து பார்த்தபோது, நடுவில் குழி விழுந்து, கேக் அழுத முகம் மாதிரி இருந்தது. முன்னறைக்கு நடந்தாள். போய்ப் பார்த்தால், அவர் வலது கையால் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "என் தப்பு" என்றார். அவள் பரவாயில்லை என்று சொன்னாள். அந்தப் பரவாயில்லையைச் சொன்ன கையோடு தம்பிக்குப் போன் பண்ணினாள்.

தம்பி வந்து கொட்டகையைப் பார்த்தான், மெயின் போர்டைப் பார்த்தான், தலையில் அடித்துக்கொண்டான். யானைப் பசிக்குச் சோளப்பொரி போடுகிறாயே அக்கா என்றான். வெளியிலிருந்து வருகிற லைனையே பெரிதாக்கி, பழைய போர்டைக் கழற்றிப் புதுப் பேனல் வைக்க வேண்டும், கொட்டகைக்குத் தனி லைன் இழுத்து அங்கே ஒரு சப் போர்டு போட வேண்டும், இரண்டு ஓவன் சேர்த்து வைத்தாலும் அசையாது என்றான். மின்சார ஆபீசுக்கு அலைவதைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னான்.

அவரிடம் சொன்னபோது, "இது எப்பவோ பண்ணியிருக்க வேண்டியது" என்றார். தம்பியைக் கூப்பிட்டு வைத்து, எர்த் குழி எங்கே தோண்டப் போகிறாய், சப் போர்டில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டித் தொலைக்க மாட்டாயே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "உங்க அளவுக்கு மறதி இல்ல மாமா" என்றான் தம்பி. "உன் அளவுக்கு அவசரம் எனக்கு இருந்ததில்ல மாப்ளே" என்றார் அவர். பேச்சு நன்றாகத்தான் போனது. அவள் அவருக்குப் போர்வை இழுத்துவிட வந்தபோது, கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அப்ப வீட்டுக்குள்ளயும் எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக்கலாம், இல்ல?"

"போடலாம்னுதான் தம்பி சொல்றான்."

"ம். நல்லது."

அந்த 'நல்லது' அவள் நெஞ்சில் முள் மாதிரி நின்றது. படுக்கையில் புரண்டு புரண்டு யோசித்தாள். நாளைக்கு யார் அவரைக் கேட்கப் போகிறார்கள்? வாலு பாட்டுப் பாடிக்கொண்டே ஹீட்டரைப் போட்டுக்கொள்வாள். தானும் கொட்டகையை விட்டு வர மாட்டாள். அவர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்புவார். ஓவனும் வேண்டும், அவர் முகமும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிற நிலைமையில் யாரைப் போய்க் கேட்பது?

தம்பியைத்தான் கேட்டாள். கொட்டகையை மட்டும் பெரிய லைனில் விடு, வீட்டைப் பழையபடியே பற்றாக்குறையில் வை என்றாள். தம்பிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கோபம் வந்தது. புது ஒயரை இழுத்துவிட்டு வேண்டுமென்றே வேலையைக் கெடுக்கச் சொல்கிறாயா என்றான். ஆபத்து உண்டா என்று அவள் கேட்டாள். ஆபத்து இல்லை, புதுப் பேனலில் வீட்டு லைனுக்குச் சின்ன பிரேக்கராகப் போட்டால் முன்போலவே அடிக்கடி விழும், அவ்வளவுதான், தொல்லை தவிர வேறொன்றும் இல்லை என்றான். அந்தத் தொல்லைதான் வேண்டும் என்று அவள் சொன்னாள்.

"அக்கா, கொல்லன் தெருவுல போய் ஊசி விக்கச் சொல்றே."

"அவரால எந்திரிச்சு வந்து பாக்க முடியாதுடா."

சொன்ன பிறகுதான், தான் சொன்னது என்ன என்று அவளுக்கு உறைத்தது. தம்பி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சரி என்றான்.

வேலை நடந்த நாளில் அவருடைய கட்டிலை அறை நடுவுக்கு இழுத்துப் போட்டார்கள். பழைய போர்டு சுவரைவிட்டு வரும்போது காரை கொட்டி, அவர் தலைமாடு எல்லாம் சுண்ணாம்புத் தூள். அவள் துடைக்க வந்தாள். "விடு, இந்த வாசனைக்கு எத்தனை நாளாச்சு" என்றார். புது ஒயர்ச் சுருளைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான் தம்பி. அவர் கையை நீட்டி அதை எடுத்து, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் உருட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த ஒயர் வீட்டுக்கா, கொட்டகைக்கா என்று கேட்டார். இரண்டுக்கும் இதுதான் என்றான் தம்பி. அன்று முழுக்க அவருக்கு வாய் ஓயவில்லை. துளை போடும் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசினார். "சுவரைத் துளைக்கச் சொன்னா பக்கத்து வீட்டுக்கு வழி போடறியேடா" என்றார். கட்டிலைத் திரும்பச் சுவரோடு ஒட்டிப் போட்டபோது அவருக்கு மூச்சு வாங்கியது. முகம் மட்டும் பழைய ஆள் முகமாக இருந்தது.

ஏற்பாடு நன்றாகத்தான் நடந்தது. கொட்டகையில் இரண்டு ஓவன் ஒரே நேரத்தில் சிவந்தன. வீட்டுக்குள் ஹீட்டரையும் அயர்னையும் ஒன்றாகப் போட்டால் டக் என்று விழுந்தது. "யாரது, மந்திரியைக் கேக்காம?" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. லைன் பெரிதானாலும் வீட்டுக்குள் பழைய சுவர் ஒயரிங் அப்படியேதான் இருக்கிறது, பார்த்துத்தான் போட வேண்டும் என்று தம்பி ஒரு காரணமும் சொல்லி வைத்திருந்தான். அவர் தலையாட்டிக்கொண்டார். அவள் ஓவனுக்குக் கேட்க வேண்டியதில்லை என்றாலும், நடுநடுவே வந்து மிக்ஸிக்கு, மோட்டாருக்கு என்று கேட்டுவிட்டுப் போனாள். போகும்போது மனது லேசாக இருந்தது. ஏமாற்றுகிறோமே என்ற எண்ணம் வரும். நோயாளிக்குக் கசப்பு மருந்தைச் சர்க்கரையில் வைத்துக் கொடுப்பதில்லையா என்று அதை அடக்கிக்கொள்வாள்.

வாலுவிடம் விஷயத்தைச் சொல்லித்தான் வைத்திருந்தாள். அதுதான் வினையானது. தெரிந்த பிறகு அந்தப் பெண்ணுக்கு அப்பா மேல் பாசம் பொங்கிவிட்டது. முன்பு பாதி நேரம் கேட்காமல் போட்டு ஏச்சு வாங்குகிறவள், இப்போது எல்லாவற்றுக்கும் வந்து நின்றாள். ஒரு நாள், "அப்பா, செல்போன் சார்ஜ் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

செல்போன் சார்ஜர் ஒரு சின்ன பல்பு அளவுகூடக் கரண்டு இழுக்காது. அவர் அவளையே பார்த்தார். பிறகு, போட்டுக்கொள் கண்ணு என்றார். மந்திரி பேச்சு எதுவும் பேசவில்லை.

அதற்கப்புறம் சில நாள் அவர் அதிகம் பேசவில்லை. கேட்டால் "போடு" என்பார், "இரு" என்பார். ஆனால் அது முன்போல் கணக்குப் போட்டுச் சொல்கிற பதிலாக அவளுக்குத் தோன்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியை வரச் சொன்னார். அவள் காபி கொண்டு வந்தபோது தம்பி கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"வீட்டு லைனுக்கு என்ன பிரேக்கர் மாப்ளே போட்டே?"

"நாப்பது, மாமா."

"நாப்பது ஆம்பியர் போட்ட இடத்துல ஹீட்டரும் அயர்னும் சேந்து விழுமா?"

"பழைய ஒயரிங் இல்லையா, அது…"

"ஒயரிங் பழசா இருந்தா சூடாகும், கருகும். டக்குனு விழாது. அன்னிக்கு ஒயரை உருட்டிப் பாத்தேன். அத்தனை தடியான ஒயருக்கு நாப்பதைப் போடாம சின்ன பிரேக்கரா போட்டிருக்கே. தெரியாமப் போடற ஆளா நீ?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் காபியைக் கீழே வைத்தாள். நான்தான் சொன்னேன் என்றாள். அவன் மேல் கோபப்பட வேண்டாம் என்றும் சொன்னாள்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கூரையைப் பார்த்து மெதுவாகப் பேசினார்.

"கார்ல முன் சீட்டுல உக்கார்ற குழந்தைக்கு ஒரு பொம்மை ஸ்டீரிங் வாங்கிக் குடுப்பாங்க. அதுவும் திருப்பும், காரும் திரும்பும். தான்தான் ஓட்டறோம்னு அதுக்கு ஒரே சந்தோஷம்." கொஞ்சம் நிறுத்தினார். "நான் நிஜ வண்டி ஓட்டினவன்."

"உங்களுக்காகத்தாங்க…"

"தெரியும். நீ எனக்கு ஊட்டறே, உடம்பு துடைக்கறே, மூத்திரத் துணி மாத்தறே. முதல்ல கூச்சமா இருந்துது, அப்புறம் போயிடுச்சு. ஏன்னா என்னால முடியல, அது நிஜம். கரண்டு கொஞ்சமா வந்துது, அதைப் பாத்துக் குடுத்தேன், அதுவும் நிஜம். இது நிஜமில்ல. இதுக்குத்தான் இப்ப எனக்கு வெக்கமா இருக்கு."

அறையில் ஃபேன் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. காபியின் மேல் ஆடை கட்டியது. யாரும் எடுக்கவில்லை.

"மாத்திடு மாப்ளே. இப்பவே."

அடுத்த வாரம் வந்து மாற்றுகிறேன், கையில் சாமான் இல்லை என்று தம்பி சொல்லிப் பார்த்தான். பைக்குள் இருக்கும், எனக்குத் தெரியாதா என்றார். இருந்தது. அவன் நடைக்குப் போய் மெயினை அணைத்தான். வீடு அடங்கியது. ஸ்க்ரூ டிரைவர் திருகும் சத்தம் மட்டும் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கேட்டபடி படுத்திருந்தார். எந்தத் திருகு கழல்கிறது, எது ஏறுகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். இதைவிட அன்று ஏணியிலிருந்து விழுந்த சேதி வந்தபோது தனக்குத் தைரியம் இருந்தது என்று நினைத்தாள். அப்போது ஓட ஒரு ஆஸ்பத்திரி இருந்தது.

கரண்டு வந்தது. வாலுவைக் கூப்பிட்டு ஹீட்டரைப் போடச் சொன்னார். அயர்னையும் போடச் சொன்னார். மோட்டார், மிக்ஸி, எல்லாவற்றையும் போடச் சொன்னார். வாலு அழுதுகொண்டே ஒவ்வொன்றாகப் போட்டாள். வீடே இரைந்தது. எதுவும் விழவில்லை.

"நல்லா வேலை பண்ணியிருக்கே மாப்ளே" என்றார். தம்பி பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனான்.

அதன் பிறகு அந்த வீட்டில் எதற்கும் யாரும் குரல் கொடுக்கவில்லை. வாலு கொஞ்ச நாள் குளியலறை வாசலில் போய்ச் சும்மா நின்றுவிட்டுத்தான் உள்ளே போனாள். பிறகு அதுவும் போனது. கொட்டகையில் மூன்றாவது ஓவன் வந்தது. கடைக்காரர்கள் பாராட்டினார்கள். ஒரு கேக்கும் குழி விழவில்லை. அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றார். கேட்டால் சிரிக்கவும் செய்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை. அவள் பயந்தது அதைத்தான், அது மட்டும் நடக்கவில்லை. வாசலைப் பார்த்தபடிதான் படுத்திருந்தார். ஆனால் எதையும் எதிர்பார்க்காமல், பஸ் நிற்காத இடத்தில் உட்கார்ந்திருக்கிறவர் மாதிரி பார்த்தார்.

ஒரு மத்தியானம் மாவைக் கலந்து ஓவனில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வேலை இல்லாமல் அவர் அருகே அவள் உட்கார்ந்து வெகு நாளாகியிருந்தது. ஏதாவது பேச வேண்டும் என்று இருந்தது. என்ன பேசுவது? இத்தனை வருடமாக அவரிடம் தான் பேசியதெல்லாம் அது போடலாமா, இது போடலாமா என்பதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்குள்ளேயே சண்டையும் சமாதானமும் கொஞ்சலும் எல்லாம் நடந்திருந்தன. அதைத் தவிர்த்துப் பேச அவளுக்கு வாய் பழகவில்லை. கல்யாணமான புதிதில் பேசத் தெரியாமல் உட்கார்ந்திருந்தது போல உட்கார்ந்திருந்தாள். அப்போதாவது பேசக் கற்றுக்கொள்ளலாம் என்ற வயது இருந்தது.

வெளியே மேகம் கூடி, ஜன்னல் வழியாக ஈரக் காற்று வந்தது. அவர் கழுத்தில் மயிர் சிலிர்த்திருந்தது. அவளுக்குக் கேட்க ஒன்று கிடைத்தது.

"ஜன்னலைச் சாத்தட்டுமா?"

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அவளுடைய கேள்வி எங்கிருந்து வருகிறது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அவளுக்காக இரக்கப்படுவது போல முகம் இளகியது.

"உன் இஷ்டம்மா" என்றார்.

அவள் எழுந்து ஜன்னலுக்குப் போய்க் கதவில் கை வைத்தாள். சாத்தினால் அவருக்குப் புழுங்கும். சாத்தாவிட்டால் சாரல் அடிக்கும். எது அவருக்கு வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமல், மழை தொடங்கி முன்கை நனையும் வரை அங்கேயே நின்றாள்.